எந்தத் தெரு என்று கேட்காத ராத்திரி: ஆட்டம் உங்களை என்ன செய்தது?

#1 கருக்கல்

போன வாரம் அக்கா மகன் பரணில் கிடந்த என் பழைய பெட்டியைக் குடைந்து ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றான். திறந்தால் முப்பது நாற்பது காகிதப் பட்டைகள். பார்ட்டிக்குள் நுழையும்போது மணிக்கட்டில் சுற்றி ஒட்டிவிடுவார்களே, அவைதான். ஆரஞ்சு, பச்சை, வெள்ளி. பாதிக்கு மேல் வியர்வையில் மை கரைந்துபோனவை. பையன் பத்தாம் வகுப்பு. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இது எந்த ஆளுக கலரு?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பையன்கள் கையில் கயிறு கட்டுவார்கள். நிறத்தைப் பார்த்தால் சாதி தெரிந்துவிடும். 2019ல் இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. 2024ல் நீதிபதி சந்துரு குழு, கயிறே கூடாது என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. கயிறு இன்னும் இருக்கிறது. என் அக்கா மகன் கையிலும் இருக்கிறது.

அவனுக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் 1978ல் பிறந்தவன். நாங்குநேரிப் பக்கம். எங்கள் ஊரில் மேலத்தெருக் கொடை, கீழத்தெருக் கொடை என்று கோயில் திருவிழா இரண்டு. ரேடியோ செட் கட்டின அன்றைக்கே எங்களுக்குத் தூக்கம் போய்விடும். சாமக்கொடைக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் பந்தல் மணலில் படுத்தால், மேளம் முதுகு வழியாக ஏறும். காதுக்கு முன்னால் முதுகுக்குத்தான் மேளம் கேட்கும், தெரியுமா? ஆனால் அந்தப் பந்தலில் யார் எங்கே நிற்கலாம், யார் ஆடலாம், யார் தள்ளி நின்று பார்க்கலாம் என்று எல்லாம் எங்கள் தாத்தா காலத்திலேயே முடிவாகிவிட்டது. நான் யார் மகன் என்று தெரியாத ஒரு ஆள் அங்கே கிடையாது. அதில் ஒரு தைரியமும் உண்டு, மூச்சு முட்டலும் உண்டு.

2001ல் பெங்களூர். கால் சென்டரில் ராத்திரி வேலை. நகரத்துக்குள் பதினொன்றரைக்குக் கடையை மூடச் சொல்லிவிடுவார்கள், அதனால் ஆட்டம் எல்லாம் ஊருக்கு வெளியே. 2003ல் கூட வேலை பார்த்தவன் ஒருவன் கனகபுரா ரோட்டில் ஏதோ தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். அறுத்துப் போட்ட கேழ்வரகுத் தாள் காலில் குத்தியது. மஞ்சள் தார்ப்பாய், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கு, தூரத்தில் ஜெனரேட்டர். வாசலில் நின்ற பெண் என் கையைப் பிடித்து ஆரஞ்சுப் பட்டையை ஒட்டினாள். பேர் கேட்கவில்லை.

அங்கே எட்டு மணி நேரம் இருந்தேன். எந்த ஊர், ஊரில் எங்கே, எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று ஒருத்தர் கேட்கவில்லை. எனக்கு ஆடத் தெரியாது, அதையும் யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவ்வப்போது தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தரை மணிக்குக் கருக்கல் வெளுத்தபோதுதான் அவர் முகத்தையே பார்த்தேன். எங்கள் கணக்கு வாத்தியார் ஜாடை.

அதற்குப் பிறகு வாரம் தவறியதில்லை. சாயங்காலமே போய் பாக்ஸ் இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். 2006ல் கால் சென்டர் வேலையை விட்டேன். இன்றைக்கு பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கல்யாணம், சர்ச் திருவிழா, கொடை எல்லாவற்றுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த ராத்திரிகள் கொடுத்த பிழைப்பு இது.

எடுத்துக்கொண்டதையும் சொல்லவேண்டும். இடது காதில் இருபத்து நாலு மணி நேரமும் சில்வண்டு கத்துகிறது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி என் போன் பைக்குள் இருந்தது, பதினாலு தடவை அடித்திருக்கிறார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். அம்மா அந்தப் பதினாலை இன்னும் விடவில்லை.

கொடை, தசரா, கச்சேரி, பார்ட்டி, எதுவானாலும் சரி. ராத்திரி முழுக்க ஆடின ஆட்டம் உங்களை என்ன செய்தது?

#2 ரேடியோசெட்_அண்ணாச்சி

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. அந்தத் தோட்டத்துல ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ?

#3 இசைத்தட்டு

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன், விஷயத்தை விட்டு விலகாது.

பேர் கேட்காத ராத்திரி என்று கருக்கல் சொல்வது தற்செயலாக வந்ததில்லை. இந்த எலக்ட்ரானிக் ஆட்ட இசை பிறந்ததே வெளியே நிறுத்தப்பட்டவர்கள் கூடிய இடத்தில். 1977ல் சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் திறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இனத்து ஓரினச்சேர்க்கையாளர்கள். வெளியே அவர்களுக்கு நிம்மதியாக ஆட இடம் கிடையாது. அங்கே தட்டுப் போட்டவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். அந்தக் கிளப் பேரின் பின்பாதியிலிருந்துதான் இந்த இசைக்கு 'ஹவுஸ்' என்ற பேர் வந்தது. 1979 ஜூலையில் அதே சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள், மக்கள் கைதட்டினார்கள். இசையைத்தான் வெறுத்தார்களா, அதற்கு ஆடினவர்களையா என்று இன்றைக்கும் விவாதம் ஓடுகிறது.

கருவிகளும் ஒதுக்கப்பட்டவைதான். கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் (கீழ்ஸ்தாயி) வாசிக்கட்டும் என்று ஜப்பானின் ரோலண்டு கம்பெனி டிபி 303 என்று ஒரு சின்னப் பெட்டி செய்தது. விற்கவில்லை. 1984ல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கிய சிகாகோப் பையன்கள் அதன் குமிழ்களைக் கண்டபடி திருகப்போய் வந்த நெளியல் சத்தம்தான் ஆசிட் ஹவுஸ். அதற்கு முன்னாலேயே, 1982ல், மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் அதே பெட்டியையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை வாசித்து ஒரு தட்டு போட்டுவிட்டார். அன்றைக்கு யாரும் சீண்டவில்லை. 2010ல் மறுபடி வந்தபோது உலகமே வாயைப் பிளந்தது.

இங்கிலாந்தில் 1992 மே மாதம் காஸில்மார்ட்டன் என்ற பொது மேய்ச்சல் நிலத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் ஆட்கள் கூடி ஒரு வாரம் ஆடினார்கள். அதன் விளைவு 1994ல் ஒரு சட்டம். இசை என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது. 'திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளை'க் கொண்டதும் அதில் சேரும் என்று எழுதினார்கள். ராத்திரி திறந்த வெளியில் நூறு பேர் கூடினால் போலீஸ் கலைக்கலாம். 2003ல் அதை இருபது பேராகக் குறைத்தார்கள்.

அதே மாதிரி இசையை, 2024ல் ஜெர்மனி தன் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் 'பெர்லின் டெக்னோ' என்று சேர்த்திருக்கிறது.

#4 ரேடியோசெட்_அண்ணாச்சி

அடிச்சதையே திருப்பித் திருப்பி அடிச்சா குத்தமா? அப்ப நையாண்டி மேளக்காரன் பூராவும் உள்ள போகணுமே. அதுவும் 20 பேரு! எங்க கொடையில வரிக்கணக்கு சரிபார்க்கவே 20 பேரு கூடுவான், அதுல பத்து பேரு சண்டைக்கு நிப்பான்.

#5 தேரிக்காடு

கருக்கல் அண்ணன் எழுதியதில் ஒன்று உறுத்துகிறது. கொடையையும் பார்ட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத் தெரியும். ராத்திரி, மேளம், புகை, மயக்கம். ஆனால் அது வேறு.

என் தாத்தா சுடலைமாடன் சாமிக்குக் கோமரத்தாடி, அதாவது அருள் வந்து ஆடுபவர். காப்புக் கட்டின நாளிலிருந்து ஒரு நேரச் சாப்பாடு, பாயில்லாத படுக்கை. கொடையன்றைக்கு வில்லுப்பாட்டுக்காரர் சாமி கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். கதை சூடேறும் இடம் தெரிந்துதான் மேளக்காரர் கிட்டே வருவார். கணியான் கூத்து இருந்தால், மகுடம் என்ற தோல்கருவியைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்ப்பார்கள். தோல் விறைத்து 'ணங்'கென்று பேசும்வரை மறுபடி மறுபடி காய்ச்சுவார்கள். தாத்தா அதுவரை சும்மா நிற்பார், ஒரு கை மட்டும் நடுங்கும். அப்புறம் மஞ்சணை, கமுகம்பூ, சல்லடம், கையில் வல்லயம் என்ற ஈட்டி. சாமத்தில் தீப்பந்தத்தோடு மயானத்துக்குத் தனியாகப் போவார், பின்னால் யாரும் போகக்கூடாது. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். அந்த அமைதியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

காலையில் கேட்டால் "எனக்கு ஒண்ணும் நெனவில்ல"ன்னு சொல்லிவிட்டு வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போய்விடுவார். அவர் ஆடியது ஊருக்காக. நீங்கள் ஆடியது உங்களுக்காக. அதைத் தப்பென்று சொல்லவில்லை, இரண்டும் வேறு என்கிறேன்.

இன்னொன்று. வருசம் பூராவும் என் தாத்தா மேலத்தெரு வழியாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர். அந்த ஒரு ராத்திரி மட்டும் மேலத்தெருக்காரர்கள் அவர் முன்னால் குனிந்து திருநீறு வாங்கினார்கள். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை. வளர்ந்த பிறகுதான் மறுநாள் காலையைக் கவனித்தேன். செருப்பு மறுபடியும் கையில்தான் இருந்தது.

உங்கள் தோட்டத்திலும் திங்கட்கிழமை வந்திருக்குமே?

#6 கருக்கல்

வந்தது தம்பி. வராமல் என்ன. எட்டு மணி நேரம் பேர் கேட்காத அதே ஊரில் வாடகைக்கு வீடு தேடினால் முதல் கேள்வி "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" அது என்ன கேள்வி என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

கொடையும் இதுவும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. உங்கள் தாத்தாவுக்கு அந்த ராத்திரி சாமி என்ற பேரில் கிடைத்தது. எனக்குப் பேரே இல்லாமல் கிடைத்தது. இரண்டு பேருக்கும் விடிந்ததும் போய்விட்டது. என்னால் மறுபடி அடுத்த சனிக்கிழமை போக முடிந்தது, அவர் ஒரு வருசம் காத்திருக்கணும். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

(அண்ணாச்சி, 25 கேவிஏ.)

#7 உச்சிவெயில்

ஆறு பதிவு வந்தாச்சு, எல்லாம் அண்ணன் தம்பிகள். ஆட்டத்தைப் பற்றி ஒரு பெண் பேசலாமா?

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கொடையில் பெண்கள் முளைப்பாரி எடுக்கலாம், கும்மி கொட்டலாம், குலவை போடலாம். சும்மா ஆட முடியாது. ஆடவேண்டுமென்றால் சாமி வரணும். எங்கள் அத்தைக்கு இசக்கியம்மன் வரும். வருசம் முழுக்க அடுப்படியிலிருந்து குரல் வெளியே கேட்காத அத்தை, அன்றைக்குத் தலையை விரித்துப்போட்டு மாமாவைப் பேர் சொல்லி "ஏல, இங்க வா"ன்னு கூப்பிடுவாள். மாமா கைகட்டி வந்து நிற்பார். அத்தை சொன்ன குறைகள் எல்லாம் இசக்கி சொன்ன குறைகள். அடுத்த வாரமே வீட்டுக்குக் குழாய் இணைப்பு வந்தது. நான் நக்கலுக்குச் சொல்லவில்லை, அத்தைக்கு நிஜமாகவே அருள் வந்தது என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

என் ரேவ், அதாவது ராத்திரி ஆட்டப் பார்ட்டி, எது தெரியுமா? பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதி, 2009. பத்து மணிக்கு விளக்கணைப்பு, கீழ்த்தளத்தில் வார்டன் அறை. மூன்றாம் மாடியில் துணி காயப்போடும் அறைதான் எங்கள் களம். ஒரே ஒரு போன். எவர்சில்வர் குடத்துக்குள் அதைப் போட்டால் சத்தம் கூடும், குடத்தின் வாயில் துண்டைக் கட்டினால் பேஸ் மட்டும் வரும். மெக்கானிக்கல் படித்த ஒருத்தியின் கண்டுபிடிப்பு இது. முப்பது பேர், எல்லாரும் வெறுங்கால், குதிக்கக்கூடாது. குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலிலேயே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள், அப்போது தெரியும். சிரிப்பு வந்தால் வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொள்வோம். மேலே கொடியில் முப்பது பேர் ஈரத்துணி, எங்கள் தலையில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். வீட்டுக்கு போன் போட்டார்கள். என் அப்பா ஒரு மாதம் பேசவில்லை. அறைக்குள் பெண்கள் மட்டும் ஆடியதற்கு.

அந்த ஆட்டம் என்ன செய்தது என்று கேட்டீர்கள். 2017ல் நான் ஒரு வீட்டைவிட்டு வெளியே வரவேண்டிய நிலைமை. சொந்தக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கொடி அறைக்காரிகள் ஆறு பேர் ஒரு வேனில் வந்து என் சாமான்களை ஏற்றினார்கள். அதில் இரண்டு பேர் ஊரோ குடும்பமோ எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

#8 முக்கூடல்காரன்

எல்லாரும் அழகா எழுதுறீங்க. மாத்திரையைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. ரேவ்னாலே அதுதான? எங்க தெருவுல ஒரு பையன் அதுல போய்ச் சேர்ந்தான்.

#9 பாளை_செவிலி

ஆட்டம் என்றாலே மாத்திரை இல்லை, ஆனால் முக்கூடல் அண்ணன் கேட்பது நியாயம். பதினெட்டு வருசம் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ரேவில் போடுகிற அந்த மாத்திரை, எம்டிஎம்ஏ, உடல் சூட்டை ஏற்றும், களைப்பை மறைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கணக்கில் ஆடினால் உடம்பு கொதித்துத் தசையும் சிறுநீரகமும் கெடும். சரி, தண்ணீர் குடிக்கலாமே என்று குடம் குடமாகக் குடித்தால் அதுவும் ஆபத்து. அந்த மருந்து சிறுநீரைத் தேக்கும், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கும். 1995ல் இங்கிலாந்தில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இறந்தது அதிகத் தண்ணீரால்தான். இங்கே கைமாறுகிற பொடியில், மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. 1985ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி சிறைக்கும் போகலாம்.

உளறல், வலிப்பு, தொட்டால் சுடும் உடம்பு, எது இருந்தாலும் 108க்கு அடியுங்கள். வந்தவரிடம் என்ன சாப்பிட்டான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். "ஒண்ணும் இல்ல சிஸ்டர், வெயில்ல நின்னான்"னு சொல்லி நண்பனை வாசலில் போட்டுவிட்டு ஓடினவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் ஓடினவர்கள் மேல்தான் வரும்.

அப்புறம் காது. திரும்பி வராது. உலக சுகாதார நிறுவனம் 2022ல் ஆட்டக் கூடங்களுக்கு வைத்த வரம்பு சராசரி 100 டெசிபல். பாக்ஸுக்கு முன்னால் நம் ஆட்கள் நிற்கிற இடத்தில் அது சாதாரணமாகத் தாண்டிவிடும். காதடைப்பான் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். கொடைக்கும் போடுங்கள், சாமி கோவித்துக்கொள்ளாது.

#10 கருக்கல்

முக்கூடல் அண்ணாச்சி, ஒளிக்கவில்லை. நானும் போட்டிருக்கிறேன், இரண்டு வருசம். 2005ல் என் கூடத் தங்கியிருந்தவன் ஆட்டத்துக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டான். பேச்சு குழறுகிறது, உடம்பு தோசைக்கல் மாதிரி. நான் பயத்தில் என்ன செய்தேன் தெரியுமா? அவன் பையில் இருந்ததை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். முதலில் அதைத்தான் செய்தேன், அவனைத் தூக்கவில்லை. தூக்கியவர்கள் வேறு நாலு பேர், யாரென்றே தெரியாதவர்கள். ஒருத்தர் தன் காரில் போட்டுக்கொண்டு போனார். பையன் பிழைத்தான். செவிலி அக்கா எழுதிய அந்த "ஒண்ணும் இல்ல" ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தொடவில்லை.

#11 சந்திப்பு_டிரைவர்

நான் அந்தப் பார்ட்டிகளுக்கு வாசலுக்கு வெளியே நின்னவன். 2011லேர்ந்து 2016 வரைக்கும் பெங்களூர்ல வாடகைக் கார்.

யாரும் பேர் கேட்கல, தெரு கேட்கலன்னு அண்ணன் எழுதியிருக்கார். வாசல்ல காசு கேட்டான்ல? ஷூ பார்த்தான்ல? ஒரு தடவை நானும் என் கூட்டாளியும் லீவு போட்டு, காசு சேர்த்து, புதுச் சட்டை போட்டுப் போனோம். ஜோடியா வந்தாத்தான் உள்ளன்னு சொல்லிட்டான். எங்களுக்கு முன்னாடி நாலு பையன்க ஜோடி இல்லாமத்தான் போனாங்க, இங்கிலீஷ் பேசிக்கிட்டே. தெருவைக் கேட்காட்டி என்ன, நாக்கு காட்டிக்கொடுத்துரும்.

வெளிய நிக்கிறவனுக்குப் பாட்டு வராது. பேஸ் மட்டும்தான் வரும். டேஷ்போர்டுல வச்ச பாட்டில் தண்ணி வட்டம் வட்டமா நடுங்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தூக்கமும் வராது. அப்ப டிரைவர்மார் எல்லாம் ஒரு காரைச் சுத்திக் கூடுவோம். நாலு கதவையும் தொறந்து வச்சு, உள்ளேர்ந்து வர்ற அடிக்கு மேல நம்ம ஊர்ப் பாட்டைப் போடுவோம். தாளம் ஒட்டாது, இழுத்துக்கிட்டே போகும், ஒரு இடத்துல திடீர்னு ரெண்டும் சேரும் பாருங்க, அப்பத்தான் எல்லாரும் கத்துவோம். சேலத்துக்காரன், கிருஷ்ணகிரிக்காரன், மாண்டியாக்காரன், நான். எங்க பார்ட்டியில வாசல் கிடையாது. ஆனா எந்த ஊருன்னு கேட்பான், ஊர்ல எங்கனயும் கேட்பான். கேட்டுட்டுத்தான் ஆடுவான். அது எனக்குப் பெரிசா உறுத்தல, ஏன்னு தெரியல.

#12 இசைத்தட்டு

மேலே இருக்கிற பதிவுக்கு முன்னால் என் சரித்திரம் எல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுவர் மேல்ஸ்தாயியைத் தின்றுவிடும், கீழ்ஸ்தாயி நழுவி வெளியே வந்துவிடும், அதனால்தான் வெளியே நிற்பவருக்கு பேஸ் மட்டும் கேட்கிறது.

#13 வேஷக்காரன்

குலசேகரன்பட்டினம் தசராவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. (1986லேயே அது தூத்துக்குடி மாவட்டம் ஆகிவிட்டது என்று திருத்த வராதீர்கள், எங்களுக்கு எல்லாம் நெல்லைச் சீமைதான்.)

பன்னிரண்டு வருசமாக ஒரு செட்டில் (தசராக் குழுவில்) வேஷம் கட்டுகிறேன். மாலை போட்டு விரதம், காப்புக் கட்டினதும் வேஷம், மேளத்தோடு வீடு வீடாகப் போய் காணிக்கை பிரித்து, பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். குரங்கு, குறவன், போலீஸ், பிச்சைக்காரன், காளி. சொந்த முகத்தோடு ஆட வெட்கப்படுகிறவன்கூட வேஷத்தில் ரோட்டை மறித்து ஆடுவான். எங்கள் செட்டில் ஒரு பையன் வருசா வருசம் பெண் வேஷம். பொட்டு வைக்க அவ்வளவு நேரம் எடுப்பான். பத்தாம் நாள் ராத்திரி எல்லாரும் அலுப்பில் வேஷத்தைக் கழற்றி எறிவோம், அவன் மட்டும் விடியும்வரை வளையலோடு கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். இப்போது வேறு ஊரில் பெண்ணாகவே வாழ்கிறாள். தசராவுக்கு வருகிறாள், வேஷம் கட்டுவதில்லை. போன வருசம் கேட்டேன். "எனக்கு இனி எதுக்கு வேஷம், நீ வேணா ஆம்பள வேஷம் கட்டிக்கோ"ன்னு சொல்லிட்டுப் போய்விட்டாள்.

#14 ரேடியோசெட்_அண்ணாச்சி

நேத்து கரண்ட் இல்ல, அதான் லேட்டு.

நான் 1979ல இந்தத் தொழிலுக்கு வந்தேன். வால்வு ஆம்பிளிபயர், தட்டு, நாலு குழாய். பனையில ஆளை ஏத்தி குழாயைக் கட்டுவோம். கீழ ஆட்டத்துக்கு ஒண்ணு, மீதி மூணும் பக்கத்து ஊர்க்காரனுக்கு. ஆமா, அவனுக்குக் கேட்கணும், அதுக்குத்தான காசு கொடுக்கான். போட்டிக்கு அவன் கொடையில எட்டு குழாய் கட்டுவான், யூனிட் எரியும். இப்ப கூம்புக் குழாய்க்குத் தடை, ராத்திரி பத்து மணிக்கு மேல செட்டே போடக்கூடாது, 2000த்துலயே மத்திய அரசு விதி. வருசத்துல 15 நாளுக்குப் பன்னண்டு மணி வரைக்கும் விட்டுக்கொடுக்க வழி இருக்கு. சாமக்கொடைக்குப் பன்னண்டு மணி பத்துமா? அதனால அந்த நேரத்துல மேளம் மட்டும்தான், செட்டை அணைச்சிருவேன். சொல்லப்போனா அப்பத்தான் மேளம் நல்லாக் கேட்குது.

தட்டு போடுறதுல வேலை என்ன இருக்குன்னு நெனைக்காதீங்க. சில பாட்டைப் போட்டா பந்தல்ல நாலு பேருக்கு உடம்பு துடிக்கும். அதை அலங்காரம் முடியிறதுக்கு முன்னாடி போட்டுரக்கூடாது. ஒரு தடவை புதுப்பையன் ஒருத்தன் சாயங்காலம் ஆறு மணிக்கே போட்டுட்டான். பூ கட்டிக்கிட்டிருந்த பொம்பள ஒருத்தி அப்படியே எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிட்டா. தர்மகர்த்தா ஓடி வந்து "ஏல, நிறுத்துல பாட்ட, இன்னும் சாமிக்குப் பொட்டே வைக்கல"ன்னு கத்துறார். நான் ஊசியைத் தூக்கிட்டேன். அந்தப் பொம்பள நிக்கல, ஊசியைத் தூக்கினா நிக்கிற ஆட்டமா அது? நான் மறுபடி மெதுவான பாட்டா ஒண்ணு, அப்புறம் அதவிட மெதுவா ஒண்ணு, மூணாவது தாலாட்டு மாதிரி, அப்படிப் பைய பைய இறக்கித்தான் உட்கார வச்சேன். இந்த டீஜே பையன்களுக்கு ஏத்தத் தெரியுது. இறக்கத் தெரியல.

தேரிக்காடு தம்பிக்கு ஒண்ணு. எந்தத் தெருக் கொடைன்னாலும் குழாயைக் கட்டினது நான்தான். ஆனா கீழத்தெருவுல கட்டின குழாயை மறுநாள் மேலத்தெருவுல கட்டும்போது "கழுவிட்டியால?"ன்னு கேட்ட ஆளு உண்டு. சத்தம் வர்ற குழாயைக் கழுவணுமாம். நானும் சரின்னு துணியை நனைச்சுத் துடைச்சிருக்கேன். அன்னைக்கு எதுத்துப் பேச எனக்குத் தைரியம் இல்ல.

#15 தேரிக்காடு

அண்ணாச்சி, இதை இதற்கு முன்னால் யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

#16 ரேடியோசெட்_அண்ணாச்சி

இல்ல தம்பி.

#17 உச்சிவெயில்

கருக்கல் அண்ணன், கடைசியில் அக்கா மகனுக்கு என்ன சொன்னீர்கள்?

#18 கருக்கல்

எந்த ஆளுக்கும் இல்லடா, உள்ளே வந்த எல்லாருக்கும் ஒரே கலர் என்றேன். நம்பவில்லை. "அப்ப எதுக்குக் கட்டுதாங்க?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் அண்ணன் எழுதியது ஞாபகம் வந்துவிட்டது. காசு கட்டியாச்சுன்னு தெரியத்தான் என்றேன். "அப்ப காசு கட்டாதவன்?" வெளியே நிற்பான் என்றேன். "வெளிய நின்னு?" வெளியே நின்று அவனும் ஆடுவான் என்றேன். கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடின கதையைச் சொன்னேன், தண்ணீர் பாட்டிலைச் சொன்னேன். அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னான். பிறகு குடத்துக்குள் போனைப் போட்டுப் பார்த்தான், அக்கா சத்தம் போட்டாள்.

ராத்திரி டப்பாவை மூடும்போது ஒரு ஆரஞ்சுப் பட்டை குறைந்தது. எங்கே கட்டியிருக்கிறான் என்று தெரியவில்லை. கையில் அந்தக் கயிறு அப்படியேதான் இருக்கிறது.

#19 ரேடியோசெட்_அண்ணாச்சி

கருக்கல் தம்பி, யாருன்னு இப்பப் புரிஞ்சு போச்சு. 25 கேவிஏன்னு சொன்னப்பவே சந்தேகம். போன ஆடியில என்கிட்ட வாங்கிட்டுப் போன ஸ்பீக்கர் வயரு ரெண்டு கட்டு இன்னும் வரல. அடுத்த செவ்வாய் எனக்கு ஒரு கொடைக்குக் கால்நாட்டு இருக்கு.